நாகப்பட்டினத்தில் போட்ட ஒட்டு

கோயமுத்தூர்க்காரனுக்குப் படகு என்றால் ஊட்டி ஏரியில் அரை மணி நேரம் சுற்றுவதுதான். நானும் அப்படித்தான். ஆனால் ஃபைபர் வேலை எனக்குத் தெரியும். குறிச்சி சிட்கோவில் ஒரு சின்னப் பட்டறையில் திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு ஆசிட் தொட்டி செய்து கொடுத்தவன். மேட்டை விரித்து, ரெசின் பூசி, ரோலரால் காற்றை விரட்டுவது தூக்கத்திலும் வரும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். பிழைத்தவர்களுக்குத் தொழில் செய்யப் படகு இல்லை. பிப்ரவரியில் எங்கள் முதலாளி ரெசின், மேட், கிரைண்டர் எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றி, "போயி முடிஞ்சதச் செஞ்சுட்டு வாங்க" என்று என்னையும் இரண்டு பையன்களையும் அனுப்பினார். கரூர், திருச்சி, தஞ்சாவூர் வழியாக அக்கரைப்பேட்டை போய்ச் சேர்ந்தோம். அங்கே கண்டதையெல்லாம் எழுத மனசு வரவில்லை. படகைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் படகுக்கு அடிப்பக்கத்தில் முழ நீளக் கிழிசல். முன்பக்க மேல்தளம் வெடித்து, உள்ளே இருந்த ஃபோம் தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. தொட்டிக்குச் செய்கிற மாதிரியே துடைத்து, லேசாகத் தேய்த்து, மூன்று மேட் போட்டு ஒரே மத்தியானத்தில் அடியை ஒட்டிவிட்டேன். பளபளவென்று இருந்தது.

படகுக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மனைவியையும் பேத்தியையும் கடலுக்குக் கொடுத்தவர் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஒரு ரூபாய்க் காசை எடுத்து ஒட்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தது.

"தம்பி, இங்க பிடிக்கல."

எனக்குக் கோபம்தான் வந்தது. கிரைண்டர் வைத்துத் திறந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. நாருக்குள் உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத்தின்மேல் ரெசின் பிடிக்காது. தொட்டி கசிந்தால் ஆசிட் போகும், நமக்குத் திட்டு விழும். இது நடுக்கடலில் பிரிந்திருந்தால்? அன்று இரவு தூங்கவில்லை.

முழுசாகப் பிய்த்து எறிந்தோம். குடிக்கவே லாரித் தண்ணீர்தான். அதிலும் பெண்கள் நாலு குடம் கொடுத்தார்கள், உப்புப் போகக் கழுவினோம். நாலு நாள் வெயிலில் காயவிட்டோம். கால் அங்குலக் கனத்துக்கு மூன்று அங்குலம் என்று ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து, சின்னதிலிருந்து பெரிதாக ஏழு மேட் போட்டோம். மேல்தளத்தில் ஊறிய ஃபோமை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைத்து மூடினோம். அந்த வெயிலுக்கு ரெசின் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கேட்டலிஸ்ட்டைக் குறைத்தோம். (வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்று: கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட்டையும் நேராகக் கலந்துவிடாதீர்கள், தீப்பிடித்துவிடும்.)

மறுபடி காசால் தட்டினார். எல்லா இடமும் கணீர். ஒன்றும் சொல்லவில்லை. விடிகாலையில் வந்து எழுப்பினார்.

"ஏறுங்க தம்பி, பாத்துட்டு வரலாம்."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்கய்யா."

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆச்சு" என்றார்.

ஏறிவிட்டேன். அலையைத் தாண்டும் வரை குனிந்து ஒட்டின்மேலேயே கையை வைத்திருந்தேன். கீழிருந்து ஒரு சொட்டு ஏறவில்லை. திரும்பி வந்தபோது கரையில் இன்னும் பதினோரு படகுகள் எங்களுக்காகக் கிடந்தன.