முகவரிப் பட்டியல் யார் கையில்?

'ரம்புக்கனை' என்ற இலங்கை ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 10 எழுத்து. கணினி அதை 10 பைட்டில் அடக்கிவிடும். தமிழில் அதே பெயருக்கு 30 பைட் வேண்டும். மெய்யின் புள்ளி, உகரச் சுழி எல்லாம் யூனிகோடில் தனித்தனிக் குறிகள். ஒவ்வொன்றும் 3 பைட். மின்மடல் நடத்த இறங்குகிற தமிழருக்கு இது முதலில் ஒரு பொருட்டாகவே படாது. ஆனால் ஜிமெயில் ஏறக்குறைய 102 கிலோபைட்டோடு மடலை வெட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் முழுதாகப் போய்ச் சேரும் நீண்ட கட்டுரை தமிழில் நடுவழியில் நின்றுவிடும். வெட்டுப்படுவது அடிப்பகுதி, பலரும் சந்தாப் பொத்தானை வைப்பதும் அங்கேதான். அதனால் ஒரு மின்மடல் தளத்தின் முகப்பழகைப் பார்ப்பதற்கு முன், மூவாயிரம் சொல்லில் ஒரு தமிழ் மடலைத் தனக்கே அனுப்பி, கைப்பேசியில் கடைசி வரி தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது காசு.

2017இல் தொடங்கிய சப்ஸ்டாக் தளத்தில் மடல் அனுப்பக் கட்டணம் இல்லை. சந்தாப் பணத்தில் 10 சதவீதத்தை அது எடுத்துக்கொள்ளும். கோஸ்ட் லாப நோக்கற்ற அமைப்பு நடத்தும் திறந்த மூல மென்பொருள். அது சந்தாவில் பங்கு கேட்பதில்லை. தளத்தை நடத்தித் தர மாதக் கட்டணம் வாங்குகிறது. சந்தாதாரர் குறைவாக இருக்கும்வரை முன்னது மலிவு, கூட்டம் சேர்ந்தால் பின்னது மலிவு. பெரும்பாலான ஒப்பீடுகள் இந்தக் கணக்கோடு முடிந்துவிடும். ரம்புக்கனைக்காரருக்கு இதற்கு அப்புறம்தான் சிக்கலே ஆரம்பம். இரண்டு தளங்களும் சந்தாவை வசூலிப்பது ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவை வழியாக; ஸ்ட்ரைப் கணக்குத் திறக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இடம்பெறவில்லை.

கனடாவில் இருக்கும் அண்ணன் பெயரில் கணக்குத் திறப்பதுதான் பலருக்கும் தோன்றும் வழி. அது வேண்டாம். வரிப் பொறுப்பு அண்ணன் தலையில் விழும். எழுதுகிறவரின் உழைப்பு இன்னொருவர் பெயரில் பதிவாகும். உறவில் ஒரு சின்ன விரிசல் வந்தாலும் சந்தாதாரர் அத்தனை பேரின் பணமும் முடங்கிப் போகும்.

விலையிலும் ஒரு கேள்வி இருக்கிறது. சப்ஸ்டாக்கில் மாதச் சந்தா 5 டாலருக்குக் கீழே இறங்காது. டாலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 1,500 ரூபாய். 2024இல் உயர்த்தப்பட்டபோதும் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. விடியலில் ரப்பர் பால் வெட்டப் போய் ஒரு முழுப் பேர், அதாவது முழு நாள் வேலை, போட்டவரிடம் ஏறக்குறைய ஒரு நாள் கூலியைக் கேட்பது எந்த வகையிலும் நியாயமில்லை. உள்ளூர் வாசகருக்கு மடல் இலவசமாகவே போகட்டும். தர முடிந்தவர் ஆண்டுச் சந்தாவை ரூபாயில் வங்கிக் கணக்குக்கோ, பேஹியர் போன்ற உள்ளூர்க் கட்டண வாயில் வழியாகவோ செலுத்தலாம். பணம் வந்ததும் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே கையால் குறி போட வேண்டியிருக்கும். வேலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் இதைவிடக் கூடுதலாகவே உழைத்தவர் உண்டு. 1966இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை' இலக்கிய இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, அதைத் தாமே சுமந்து, வாசகரைத் தேடிப் போய் விற்று, 400 இதழ்களுக்கு மேல் கொண்டுவந்தார்.

இலங்கைத் தோட்டங்களில் முகவரி என்பதற்கே ஒரு வரலாறு உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்குப் பெரும்பாலும் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்துதான் உரியவர் கைக்குப் போகும். தாமதமாகப் போனதும் உண்டு, போகாமலே விட்டதும் உண்டு. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் தொழிலாளரைப் பார்க்கப் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என்று பத்திரிகையும் நடத்தினார். அந்தத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று மின்னஞ்சல் இருக்கிறது. எந்த ஆபீஸ் வழியாகவும் போகாமல் அவர்கள் பெயருக்கே நேராக வந்து சேரும் முகவரி அது.

அந்த முகவரிகளின் பட்டியலைத் தளத்தின் கையில் மட்டும் விட்டுவைக்கக் கூடாது. ரெவ்யூ என்ற மின்மடல் தளத்தை 2021 ஜனவரியில் ட்விட்டர் வாங்கியது. 2023 ஜனவரி 18இல் மூடியது. மெயில்சிம்ப் வைத்திருந்த டைனிலெட்டர் தளமும் 2024 பெப்ரவரி 29இல் போய்விட்டது. பட்டியலை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தவர்கள் வேறு தளத்தில் அடுத்த மடலை அனுப்பினார்கள்.

சப்ஸ்டாக்கும் கோஸ்ட்டும் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ள விடுகின்றன. அந்த வசதி இல்லாத தளம் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மடல் தொடங்கியிருப்பவர்கள் இந்த மாதப் பட்டியலை இன்றைக்கே இறக்கி, கைப்பேசிக்கு வெளியே இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.