பேரும் ஓர் அமானிதம்

வேலைக்குப் போகும் மனிதன் மாதம் ஒரு முறை சம்பளம் வாங்குகிறான். இன்னொன்றை அவன் ஒவ்வொரு நாளும் வாங்கிக்கொண்டிருக்கிறான். அதுதான் பேர். சம்பளத்தை இரண்டு முறை எண்ணிப் பார்க்கும் நாம், பேரை எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கள் பாலையூற்றிலிருந்து காலையில் புறப்படுகிறவர்கள் சீனக்குடா மாவாலைக்கும், சீமெந்து ஆலைக்கும், துறைமுகத்துக்கும், கச்சேரிக்கும், ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள். அங்கெல்லாம் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒன்றாகவே வேலை செய்கிறார்கள். அப்படியான இடத்தில் ஒருவர் எடுக்கும் பேர் அவரோடு நின்றுவிடுவதில்லை. ஜும்ஆவுக்குப் போனவர் நேரத்துக்குத் திரும்பி வந்தால், நாளை அங்கே சேரப்போகும் முஸ்லிம் பிள்ளைக்கும் அது நற்சாட்சி. தொழுகை முடிந்து கடைத்தெருவில் சுற்றிவிட்டு வந்தால், அந்தப் பிள்ளை தொழப் போக அனுமதி கேட்கும்போது மேலதிகாரியின் முகம் சுருங்கும்.

இந்தத் துறைமுகப் பகுதியில் ஒரு களஞ்சியத்துக்கு நெடுங்காலம் பொறுப்பாக இருந்தவன் நான். ஒரு வருடக் கணக்கெடுப்பில் சாமான் குறைந்தது. திறப்பு என் கையில். ஆகவே சந்தேகமும் என் மேல். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கையொப்பம் வாங்கிய சீட்டுக்கட்டை மேசையில் வைத்தேன். என்னோடு வேலை செய்த கத்தோலிக்க நண்பர் ஒருவர், யாரும் கேட்காமலே எழுந்து சொன்னார்: “ஐயா, இந்த மனிசன் சீட்டில்லாமல் ஓர் ஆணிகூடத் தர மாட்டார். அதுக்காக நாங்கள் இவரை எத்தனை தரம் ஏசியிருக்கிறம்!”

பதிவு செய்யாமல் இன்னோர் இடத்துக்கு அனுப்பப்பட்ட சாமான் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. எந்தக் கண்டிப்புக்காக ஏச்சு வாங்கினேனோ, அதுவே எனக்குச் சாட்சியாகி நின்றது.

அண்மையில் வேலையில் சேர்ந்த என் மகள் ஒரு நாள் கேட்டாள்: “வாப்பா, நான் செய்த வேலையை வேறொருவர் தன்ட வேலையெண்டு காட்டுறார். பேசாம இருக்கிறதுதானே சபூர்?”

“இல்லை மகள்” என்றேன். “சபூர் வேற, உன்ட அமானிதத்தை விட்டுக் கொடுக்கிறது வேற. இன்றைக்கு இன்ன வேலை முடிந்தது, உதவி செய்தவர் இன்னார் என்று எழுதி மேலதிகாரிக்குக் கொடு. மற்றவரின் பங்கையும் மறைக்காதே. பிழை நடந்தால், வேறு யாரும் சொல்லுமுன் நீயே சொல்லிவிடு.”

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வோம். அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மன்னர் அழைத்தபோது அவர்கள் உடனே சிறையை விட்டு வெளியேறவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழியை முதலில் விசாரிக்கும்படி தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். உண்மை வெளியான பின்னரே வந்தார்கள். வந்ததும் தம்மைக் களஞ்சியங்களுக்குப் பொறுப்பாக்கும்படி கேட்டு, பாதுகாக்கும் தகுதியும் அறிவும் தமக்கு உண்டென்பதையும் எடுத்துச் சொன்னார்கள். இதைப் பெருமையடித்தல் என்று யார் சொல்ல முடியும்?

நம் காலத்திலும், நம் நாட்டிலும் ஒரு சோதனையைக் கண்டோம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், மே மாதத்தில், ஒரு சிங்களப் பத்திரிகை பெரிய செய்தியொன்றை வெளியிட்டது. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்பதே அச்செய்தி. குருநாகல் போதனா வைத்தியசாலையின் டாக்டர் ஷாபி சிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்தபோது, அவரோடு சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்ற தாதியர் சாட்சியம் அளித்தார்கள். பலர் சூழ நடக்கும் சிகிச்சையில் யாருக்கும் தெரியாமல் அப்படிச் செய்ய இயலாது என்றார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஜூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது.

கட்டாய விடுமுறைக் காலத்துச் சம்பள நிலுவையாகச் சுமார் 26 இலட்சம் ரூபாய் 2022இல் அவருக்குக் கிடைத்தது. நாடு மருந்தில்லாமல் தவித்த நேரம் அது. அந்தப் பணத்தை அவர் அத்தியாவசிய மருந்துகள் வாங்கவே கொடுத்துவிட்டார். பழி சொல்லப்பட்ட அதே மக்களின் நோயாளிகளுக்கும் அந்த மருந்து போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியாதா?

ஒரு பேரைக் கெடுக்க ஒரு காலைப் பத்திரிகை போதுமாக இருந்தது. அதற்கு எதிரே நின்றது, கூட வேலை செய்தவர்கள் கண்ணால் கண்ட உண்மை. அந்தச் சாட்சியத்தை அவசரத்துக்குத் தேடி எடுக்க முடியாது. அது யாரும் பழி சொல்லாத சாதாரண நாட்களில் சேர்வது.

சகோதர சகோதரிகளே, அந்தத் தாதியரின் இடத்தில் நாமும் ஒரு நாள் நிற்க நேரலாம். பக்கத்து மேசைக்காரரைப் பற்றி ஒரு கதை வாட்ஸ்அப்பில் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கொண்டுவரப்படும் செய்தியை விசாரித்துத் தெளிந்துகொள்ளும்படி சூரா ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. அவர் எந்த மதத்தவராக இருந்தாலும், நமக்குப் பிடிக்காதவராக இருந்தாலும், நாம் கண்டதைக் கண்டபடி சொல்வது கடமை. நம் பேர் நம்மிடமுள்ள அமானிதம் என்றால், அடுத்தவர் பேரும் அப்படித்தான்.

இரண்டையும் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.