அழுத்தத்தின் அடியில்

திண்டுக்கல் கடைவீதியில் கோலி சோடா குடித்து வளர்ந்தவர்களுக்குக் குளிர்நீர் ஊற்றின் இரகசியம் பாதி தெரிந்ததே. கோலி அடைத்திருக்கும் வரை புட்டியினுள் இருப்பது வெறும் தண்ணீராகவே தோன்றும். கோலியை உள்ளே தள்ளிய கணத்தில், நீரில் கரைந்து மறைந்திருந்த கரியமில வாயு நுரையாய்ப் பொங்கி எழும். 1872ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற அந்தப் புட்டியில், வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்தில் இருத்தி வாயுவைச் சிறைவைக்கிறது.

ஜெர்மனியில், ரைன் நதிக்கரையிலுள்ள ஆண்டர்நாக்கில் இதே வேலையைப் பூமி செய்கிறது. அங்கு முதன்முதலாக 1903ஆம் ஆண்டில் கிணறு துளைத்தார்கள். இன்றைய கிணற்றின் ஆழம் ஏறத்தாழ 350 மீட்டர். எரிமலைப் பாறைகளின் அடியிலிருந்து கசியும் கரியமில வாயு, மேலிருக்கும் நீரின் பாரத்தால் நீரிலேயே கரைந்து அடங்குகிறது. இனிக் கரைய இடமில்லை என்ற நிலையில் குமிழிகள் தோன்றி மேலேறி, சிறிது நீரை வெளியே தள்ளுகின்றன. பாரம் குறைகிறது, குறையவே இன்னும் ஆழத்தில் குமிழிகள் பிறக்கின்றன. ஒன்றையொன்று தொடர்ந்து, கிணறு முழுவதும் பொங்கிச் சுமார் 60 மீட்டர் உயரம் வரை பீறிடுகிறது. நீராவியால் எழும் கொதிநீர் ஊற்றைப் போலன்றி, இந்நீர் குளிர்ந்தே இருக்கும்.

நம் சமவெளியிலும் நீர் பீறிடக் கண்டிருக்கிறோம். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியின் கம்ப்ரசர் காற்றை உள்ளே செலுத்த, பாறைத்தூளோடு தண்ணீர் வானோக்கி எழும். ஊரே திரண்டு மகிழும். ஆனால் நம் கருங்கல்லின் அடியில் எரிமலையின் மூச்சு இல்லை. பாறைப் பிளவுகளில் ஒதுங்கிய மழைநீர்தான் உண்டு. இயந்திரம் நின்றதும் நீர் தன் மட்டத்திற்குத் திரும்பிவிடும். வேடசந்தூர்ப் பக்கத்து வயலொன்றில் அந்நேரம் நான் கவனித்தது குழாயை அன்று, கடன் வாங்கிக் கிணறு போட்டவரின் முகத்தை. அவர் ஒன்றும் பேசவில்லை.

அமைதியாக இருப்பதாலேயே அழுத்தம் இல்லை என்று கொள்ளலாகாது. காமரூனின் நியோஸ் ஏரி அதற்குச் சாட்சி. ஆழத்து நீரில் கரைந்து கிடந்த கரியமில வாயு, 1986 ஆகஸ்ட் 21 இரவில் ஒருசேர வெளிப்பட்டது. காற்றைவிடக் கனமான அவ்வாயு பள்ளத்தாக்குகளில் படர்ந்து, உறங்கிய ஊர்களில் ஏறத்தாழ 1,700 உயிர்களைக் கவர்ந்தது. முந்தின நாள் வரை அது அழகியதோர் ஏரி.

பின்னர் அறிஞர்கள் ஏரியை மூடவில்லை. 2001ஆம் ஆண்டில் அதன் ஆழத்திற்கு ஒரு குழாயை இறக்கினார்கள். தொடக்கத்தில் மட்டும் இயந்திரத்தால் நீரை மேலே இழுத்தார்கள். அதன்பின் வாயுவே நீரைச் சுமந்து, உயர்ந்த நீரூற்றாகத் தானே எழுந்தது. கொன்ற வாயு, சிறுகச் சிறுக வெளியேறித் தன் கொடுமையை இழந்தது.

நம் இல்லங்களிலும் கடனையோ நோயையோ மனத்தின் அடியில் கரைத்துவிட்டு, தெளிந்த முகத்தோடு நடமாடுவோர் உண்டு. அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி பெரியதன்று: “என்னய்யா, இரண்டு நாளாகப் பேச்சே காணோமே?” முதல் வார்த்தையை மட்டும் நாம் இழுத்துவிட்டால் போதும். மீதியை அவர்களே சொல்வார்கள். நாம் அருகே அமர்ந்து கேட்டிருக்க வேண்டும்.