அம்மானின் சொட்டு மருந்து

அயோடின் என்றால் எனக்கு முழங்கால்தான் நினைவுக்கு வரும். விழுந்து சிராய்த்துக்கொண்டு வந்தால் பஞ்சில் தொட்டு வைப்பார்கள். அலறல் தெருக்கோடி வரை கேட்கும். அதை ஒருவர் தண்ணீரில் விட்டுக் குடிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

காரைக்குடியில் என் அம்மான் குடித்தார். எழுபது வயது. பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று சதை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கதிர்வீச்சு என்றதும் மனிதர் ஆடிப்போனார். அந்தச் சமயம் பார்த்து ஒரு நண்பர் வந்து சேர்ந்தார்: ஜப்பான்காரன் கடற்பாசி தின்கிறான், பாசியில் அயோடின் இருக்கிறது, அதனால்தான் அவனுக்கு இந்த நோய் குறைவு என்று.

முழுப் பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இது பாதி மெய். ஜப்பானில் இந்த நோய் வெகுகாலம் குறைவாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியருக்கு அது கூடியதும் உண்மை. அயோடின் பட்டுப் புற்று அணுக்கள் மடிந்ததை மெக்ஸிகோ ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள். ஆனால் அது கண்ணாடிக் கிண்ணத்தில். ஜப்பான்காரன் பாசி மட்டுமா தின்கிறான்? சோயாவும் மீனும் தின்கிறான், கொழுப்பைக் குறைவாகத் தின்கிறான். எதற்கென்று புண்ணியத்தை எழுதுவது?

குப்பியில் இருந்தது லூகால் திரவம். 1829-இல் பிரெஞ்சு வைத்தியர் லூகால் கண்டது. உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். அதை உப்பே கொடுத்துவிடும். ஐந்து சதவீதத் திரவத்தின் ஒரே சொட்டில் ஏறக்குறைய நாற்பது நாளைக்கானது இருக்கிறது. அம்மான் காலையில் ஐந்து, மாலையில் ஐந்து.

சித்திரை வெயிலில் பட்டாலையில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் ஊதி, பேச்சு இழுத்தது. "நோய்தான் முற்றிவிட்டது" என்று அழுதார்கள் அம்மாமிண்டி. நோயல்ல, சொட்டுதான். அளவுக்கு மீறிச் சரக்கு வந்தால் கழுத்திலுள்ள தைராய்டு கடையைச் சாத்திவிடும். சிலருக்கு மறுபடி திறக்கும், சிலருக்குத் திறக்காது.

கழுத்து தப்பியது. ஆனால் நான்கு மாதம் போயிற்று. பி.எஸ்.ஏ. கணக்கு பதினொன்றிலிருந்து பத்தொன்பதுக்கு ஏறியிருந்தது.

டாக்டர் சொன்னதுதான் என்னை உறுத்தியது. பிராஸ்டேட்டுக்கு அயோடின் வைத்தியம் உண்டாம்! அயோடின்-125 என்ற கதிரியக்க வகையை அரிசியைவிடச் சிறிய டைட்டானியக் குழலில் அடைத்துச் சுரப்பிக்குள் விதைப்பார்கள். பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி மையமே அந்த விதைகளைச் செய்திருக்கிறது. அறுபது நாளில் வீரியம் பாதியாகும். அங்கே வேலை செய்வது கதிர்தான். பாசிச் சத்து அல்ல. சுரப்பிக்குள் அடங்கிய நோய்க்கு அது பொருந்தும்.

"முன்பே வந்திருந்தால் யோசித்திருக்கலாம்" என்றார். இப்போது வெளியிலிருந்து கதிர்வீச்சு, கூடவே ஊசி.

காரில் திரும்பும்போது அம்மான் வெகுநேரம் பேசவில்லை. திருப்பத்தூர் தாண்டியதும், "அப்ப அயோடின்னு அவன் சொன்னது சரிதானே, தம்பி?" என்றார்.

நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அவருக்கு இன்னும் குளிரிற்று.