மேப்பிள் இலையும் கிரேயானும்

அக்டோபர் வந்துவிட்டால் டொராண்டோவில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கவே வேண்டாம். நடைபாதை முழுக்க மேப்பிள் இலைதான். ஒரு பையைக் கையில் கொடுத்தால் மகளே பொறுக்கிக்கொள்கிறாள்.

எங்கள் வீட்டில் அதிகம் நடப்பது இலையைத் தாளில் தேய்த்து எடுப்பது. நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கம் மேலே வரும்படி இலையை வைத்து, மெல்லிய தாளைப் போர்த்தி, நான்கு மூலையிலும் டேப் ஒட்டிவிடுவேன். ஒட்டாவிட்டால் தாள் நகர்ந்து அழுகை வந்துவிடும். கிரேயானின் காகிதத்தை உரித்து, படுக்கைவாட்டில் பிடித்துத் தேய்க்க வேண்டும். வெறும் தாளில் நரம்பு ஒவ்வொன்றாக எழும்பி வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! தாளைத் தூக்கி அடியில் தேடுகிறாள், மறுபடி மேலே பார்க்கிறாள். இதற்குக் காய்ந்த சருகு ஆகாது, நொறுங்கிவிடும். அன்றைக்கு விழுந்த இலைதான் சரி.

கண்ணாடி போன்ற ஒட்டுத்தாளைப் பசைப்பக்கம் நம்மைப் பார்க்க ஜன்னலில் மாட்டினால், இலைகளைப் பிள்ளைகளே ஒட்டுவார்கள். வெயிலில் மஞ்சளும் சிவப்பும் ஒளிரும். அந்த மஞ்சள் கோடையிலேயே இலைக்குள் இருந்ததுதான். பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு பெரும்பாலும் இப்போது புதிதாக உண்டாவது.

இலை பொறுக்கும்போது கையில் சிக்கும் ஓக் கொட்டைகளை மட்டும் மூன்று வயதுவரை கொடுக்காதீர்கள். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அம்மா செய்ய, பிள்ளை வேடிக்கை பார்க்கும் கைவேலையில் எனக்கு உடன்பாடில்லை. கோணலாக வந்தால் வரட்டும். நவம்பர் மழையில் இலையெல்லாம் ஊறிக் கறுத்துவிடும், இந்த வாரக்கடைசியிலேயே பொறுக்கிவிடுங்கள்.