சக்கரத்துக்கு எந்தப் பூச்சு?

ஐப்பசி 18

காலையில் வெறித்த மழை மாலையில் மறுபடி பிடித்துக்கொண்டது. கும்பகோணத்தில் மகாமகக் குளத்துப் பக்கம் குடியிருக்கும் ஓர் ஆசிரியர், காரைக் கழுவும்போது அலாய் சக்கரங்களைப் பார்த்துத் திகைத்தார். விளிம்பில் கல் உரசிய இடத்திலிருந்து, கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளை இழைகள் உள்ளே பரவியிருந்தன. அலுமினியம் அரிக்கும் விதம் இது. கீறல் வழியே ஈரமும் உப்பும் புகுந்து பூச்சின் அடியிலேயே நூல்நூலாக ஓடும். மேலே எவ்வளவு விலைகொடுத்துப் பெயின்ட் அடித்தாலும் அது ஓய்வதில்லை.

வேலையைத் தைக்குத் தள்ளினார். ஈரக்காற்றில் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து நீர் படியும். பளபளக்க வேண்டிய பூச்சு பால் பூத்தது போல் மங்கிவிடும்.

கார்த்திகை 6

கடைகடையாக விசாரிப்பு. இரும்பு கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமரை ஒருவர் எடுத்து வைத்தார். அலுமினியத்துக்கு அது பொருந்தாது. இன்னொருவர் சைலன்சருக்கான சூடு தாங்கும் பெயின்ட் என்றார். அந்த வகை, நன்றாகச் சூடேறினால்தான் முழுக்க இறுகும். மலைச்சரிவு இல்லாத இந்தச் சமவெளியில் சக்கரம் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை.

பவுடர் கோட்டிங்தான் உறுதியில் முதலிடம். ஆனால் டயரைக் கழற்றி, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை அடுப்பில் வேகவைக்க வேண்டும். வீட்டில் நடக்காத காரியம். சக்கரமோ வார்த்தபின் சூட்டில் பதப்படுத்திய உலோகம். அடுப்பின் சூடு மிகுந்தால் வலிமை குறையும். அனுபவமுள்ள பட்டறையிடம் மட்டுமே கொடுக்கலாம்.

மிஞ்சியவை இரண்டு. தின்னர் ஆவியாகிக் காயும் சாதா ஸ்பிரே டப்பா ஒன்று. ஹார்ட்னர் கலந்து வேதிவினையால் இறுகும் டூ-கே பாலியூரித்தேன் மற்றொன்று. சாதா பூச்சைப் பெட்ரோலும் தின்னரும் மறுபடி இளக்கிவிடும். பிரேக்கிலிருந்து சூடாகப் பறந்து ஒட்டும் இரும்புத் தூளையும், அதைக் கழுவ ஊற்றும் கரைசலையும் கூடுதலாகத் தாங்குவது டூ-கேதான்.

தை 28

சம்பா அறுவடை. ஊரைச் சுற்றிலும் வைக்கோல் தூசு. ஸ்பிரே அடிக்கும் நாளல்ல, தேய்க்கும் நாள். சோப்பு நீரில் கழுவி, மெழுகும் எண்ணெயும் போகத் துடைத்து, வாட்டர் பேப்பரில் 320, பிறகு 400, 600. அரிப்பு ஏறிய இடத்தில் வெறும் உலோகம் தெரியும்வரை விடவில்லை. இரும்புக் கம்பி நார் தொடவே கூடாது. அதன் துகள் அலுமினியத்தில் தங்கிப் புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும். பக்கத்துச் சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்தெடுத்த சிலையை அரமும் உளியுமாக நாட்கணக்கில் சீர்செய்வார்கள். பூச்சின் ஆயுளும் இந்தச் சலிப்பான கட்டத்தில்தான் இருக்கிறது என்பது ஆசிரியரின் கட்சி.

மாசி 9

காற்று அடங்கிய காலை. வெறும் அலுமினியத்தில் நொடியில் ஆக்சைடு படலம் கட்டிவிடும் என்பதால், கடைசியாக ஒருமுறை தேய்த்துத் துடைத்த கையோடு எபாக்சி பிரைமர். நட்டு உட்காரும் குழிகளையும், ஹப்பில் பொருந்தும் பின்முகத்தையும் டேப் ஒட்டி மறைத்தார். அங்கே பூச்சு இருந்தால் நாளடைவில் நசுங்கி, நட்டின் பிடி தளரும். அழகுக்காக உயிரோடு விளையாடலாமா?

பிறகு சில்வர், மெல்லிய அடுக்குகளாக. பின்னால் சோதித்துப் பார்க்க, பழைய அலுமினியத் தட்டு ஒன்றுக்கும் அதே பூச்சு.

மாசி 11

கிளியர் கோட்டை மட்டும் வீட்டில் அடிக்கவில்லை. டூ-கே ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். மூச்சில் போனால் ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது. துணி முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாயில் ஊட்டும் முகமூடியும் ஸ்பிரே பூத்தும் உள்ள பட்டறையில் கூலி கொடுத்து அடித்து வாங்கினார். செலவு கூடியதுதான், ஆனால் வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது.

பங்குனி 4

தட்டின் பூச்சில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று பிய்த்தார். ஐஎஸ்ஓ 2409 சொல்லும் சோதனையின் எளிய வடிவம் இது; 0 என்றால் எதுவும் உரியவில்லை, 5 என்றால் படுதோல்வி. ஒரு கட்டமும் பெயரவில்லை. சக்கரத்தில் இதைச் செய்வது தப்பு, கீறலே அரிப்புக்கு வாசலாகிவிடும்.

சக்கரங்களை மாட்டி, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கினார். தஞ்சாவூர் போய்வந்ததும் எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்கிப் பார்த்தார்.