தண்ணீர் ஏறும் நேரம்

“டேய், கல்லு நனைஞ்சிருச்சு, மேல வாடா!”

உத்தமபாளையத்தில் முல்லைப் பெரியாற்றுப் படித்துறையில் நின்று பெரியப்பா போட்ட சத்தம் நாற்பது ஆண்டு கழித்தும் காதில் இருக்கிறது. எங்களை ஆற்றில் இறக்குமுன் தண்ணீருக்கு இரண்டு படி மேலே ஒரு கூழாங்கல்லை வைப்பார். அது காய்ந்திருக்கும் வரை குதிக்கலாம், முங்கலாம், கசத்தின் அடிமணலை அள்ளிவந்து காட்டலாம். நனைந்தால் அத்தனை பேரும் கரையேற வேண்டும்.

வானத்தில் பொட்டு மேகம் இருக்காது, ஆறு ஏறும். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக 1895 முதல் இந்தப் பக்கம் திரும்பிய தண்ணீர் இது. லோயர் கேம்பில் ராட்சதக் குழாய்களில் இறங்கி, 4 டர்பைன்களைச் சுற்றிவிட்டு, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கு வருகிறது. லோயர் கேம்பில் கூட்டித் திறந்தது எங்கள் படிக்கு வர மணிக்கணக்காகும். சித்திரை வெயிலிலும் அதில் காட்டுக் குளிர்ச்சி இருக்கும். கொஞ்ச நேரத்தில் உதடு நீலம் பாயும், கெண்டைக்கால் சுண்டி இழுக்கும்.

“குதிக்கிறதுக்கு முந்தி ஏறுற எடத்தப் பாரு” என்பார் பெரியப்பா. இழுப்பு எங்களைக் கீழே தள்ளிக்கொண்டு போகும். அரசமரத்து வேர்தான் ஏறுமிடம்.

அமெரிக்காவில் பியூஜெட் சவுண்ட் என்னும் குளிர்கடல் ஓரத்தில் கரையிலிருந்தே இறங்கி முங்குகிறவர்களைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். கடல் ஏறி முடித்து இறங்கத் தொடங்குமுன் இழுப்பு அடங்கும் சிறு பொழுதுக்குக் காத்திருப்பார்களாம். அந்த நேரம் அவர்களுக்கு அட்டவணையாகவே கிடைக்கிறது. நிலா ஏற்றி இறக்கும் கடலுக்கே நேரம் குறித்துச் சொல்கிறார்கள். மனிதன் கையால் திறக்கும் ஆற்றுக்குச் சொல்ல முடியாதா?

பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கசத்தில் முங்கினான். நல்ல நீச்சல்காரன். அன்று கல் வைக்க ஆளில்லை. அவன் அம்மா அதற்குப்பின் ஆற்றுப் பக்கமே வரவில்லை.

விநாடிக்கு இத்தனை கனஅடி திறப்பு என்று செய்தித்தாளில் போடுகிறார்கள். படியில் நிற்கும் பிள்ளைக்கு அது எத்தனை படி? கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை ஒவ்வொரு படித்துறையிலும், தடுப்பணையிலும், இத்தனை கனஅடிக்கு இந்த மட்டம் என்று சிவப்புப் பெயிண்டில் எழுத வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி வரும் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஆற்றின் குணம் தெரியாது. எழுதும் வரை, பிள்ளைகளோடு குளிக்கப் போகிறவர்கள் இரண்டு படி மேலே ஒரு கல்லை வையுங்கள்.